மலிவான படங்களில் மதிப்பான சாவு



இச்சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள், இதுகாறும் இங்கே பேசப்பெற்ற தலைப்புகளின் பட்டியல் ஒன்றையும் அழைப்பிதழோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். காப்பிய இலக்கணம், கல்வெட்டுத் தமிழ், சுவடிப் பதிப்பு என்று கம்பீரமாக நடந்துவரும் அந்த வரிசையின் கடைக்கோடியில் ‘பேய்ப்படங்கள்’ என்று எழுதி அனுப்ப என் பேனா சற்றே தயங்கியது உண்மை. ஆனால், போர்க்களத்துப் பிணங்களைக் கூழாகக் காய்ச்சிப் பேய்கள் பந்தி வைத்து உண்ணும் காட்சியைக் கலிங்கத்துப்பரணியில் பாடம் சொல்லி, அதற்குத் தேர்வில் மதிப்பெண்ணும் போடுகிற நாம், பிணந்தின்னும் படங்களைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்வது நியாயமாகாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பேசியதை அச்சுக்குச் செப்பனிடும்போது இடையிடையே சொன்ன வேடிக்கைகள் பலவற்றை நீக்கிவிட்டேன், ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்க நாட்டின் மலிவான பேய்ப்படங்களும், அவற்றில் அந்நாட்டுக் கறுப்பின மக்கள் பெற்ற இடமும் ஆகும். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் சட்டசபைக் கணக்கிலேயே வழங்கிப் பழகிவிட்டோம். எத்தனை பேர், எந்த வகுப்பார், எவ்வளவு இடம் என்று தலை எண்ணி முடித்தால் விவகாரம் முடிந்தது. குடும்பப் படத்துக்கும் காதற் படத்துக்கும் அக்கணக்கு ஒருவேளை போதலாம். பேய்ப்படத்துக்குப் போதாது, ஏனெனில், அங்கே பாத்திரங்களிற் பெரும்பாலோர் வருவதே சாவதற்காகத்தான். ஆகவே, திரையில் வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, வந்தவர் எப்படிச் செத்தார், அந்தச் சாவை யார் நின்று பார்த்தார், இவ்வாறுதான் சாகவேண்டும் என்று விதித்தவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்பதே அந்தப் படங்களின் உள்ளத்தை அறியும் வழி என்பது என் அபிப்பிராயம். இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். பெருஞ்செல்வம் புழங்கிய ஸ்டூடியோக்கள் மூடிவைத்த கதவைச் சில ஏழைப் படங்கள் திறந்தன. திறந்தது தருமசிந்தையால் அன்று, பணம் குறைந்த இடத்தில் கண்காணிப்பும் குறைந்துபோனதால். அந்த இடுக்கில் நுழைந்த நடிகர் சிலர் தம் சாவைத் தாமே எழுதிக்கொண்டார்கள்.

1. ஆலைக்குள் விழுந்தவன்

ஜாம்பி என்ற நடைப்பிணத்தைத் தமிழ்ச் சினிமா 2016-இல் ‘மிருதன்’ என்று அழகாகப் பெயர் சூட்டி வரவேற்றது. ஆனால் அந்த நடைப்பிணம் பிறந்த ஊர் ஹெய்த்தி. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களிடையே வழங்கிய அந்த நம்பிக்கையில் பிணம் யாரையும் கடிப்பதில்லை, யாரையும் தின்பதில்லை. மந்திரவாதி ஒருவன் செத்தவனை எழுப்பித் தன் வயலில் வேலை வாங்குகிறான், அவ்வளவே. உயிரோடு இருந்தவரை சாட்டைக்கு உழைத்தவனுக்குச் சாவு ஒன்றே விடுதலை என்றிருக்க, அந்தச் சாவையும் பறித்துக்கொண்டு மீண்டும் அவனைக் கரும்புக் கொல்லைக்கே ஓட்டிச்சென்றால் எப்படி இருக்கும் என்ற நினைப்பைவிடக் கொடிய திகில் வேறு எது இருக்கமுடியும்?

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்த்தியைத் தன் பிடியில் வைத்திருந்தது. அக்காலத்தில் அங்கே சென்றுவந்த வில்லியம் சீப்ரூக் என்ற பயண எழுத்தாளர் 1929-இல் வெளியிட்ட ‘மேஜிக் ஐலண்ட்’ என்னும் நூலின் வாயிலாக இந்த நம்பிக்கை அமெரிக்க வாசகருக்கு அறிமுகமாயிற்று. மூன்றே ஆண்டுகளில், அதாவது 1932-இல், ஹால்ப்பரின் சகோதரர்கள் ‘ஒயிட் ஜாம்பி’ என்ற படத்தை எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 50,000 டாலர் செலவு. பதினொரு நாள் படப்பிடிப்பு. வேறு படங்களுக்காகப் போட்டு எஞ்சிநின்ற அரங்குகள். மந்திரவாதியாக பேலா லுகோசி. அடிமைகளின் பயத்தை இரவல் வாங்கி, அதை ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு நேர்ந்த விபத்தாக மாற்றியமைத்த வித்தை படத்தின் பெயரிலேயே இருக்கிறது. கறுப்பர் ஜாம்பியாவது அன்றாட நடப்பு, வெள்ளைக்காரி ஒருத்தி ஜாம்பியாவதே சேதி என்பதுதான் அந்த ‘ஒயிட்’ என்ற அடைமொழியின் தாற்பரியம்.

ஆயினும் அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. மந்திரவாதியின் சர்க்கரை ஆலை. மரச்செக்குப் போன்ற பெரியதொரு யந்திரத்தின் நீண்ட மரக்கட்டைகளைச் செத்தவர்கள் தள்ளித் தள்ளிச் சுற்றுகிறார்கள். வேறு சிலர் கரும்புக் கூடைகளைத் தலையிற் சுமந்து மேலே வரிசையாக நடக்கிறார்கள். பின்னணியில் வாத்தியம் ஏதும் இல்லை. மரத்தோடு மரம் உராயும் முனகல் ஒன்றே கேட்கிறது. கூடை சுமந்தவர்களுள் ஒருவன் கால் இடறி யந்திரத்துக்குள் விழுகிறான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றுவோர் கை நிற்கவில்லை. முனகல் ஒரு மாத்திரை அளவுகூடத் தாளம் தப்பவில்லை. இவர்கள் வேலை நேரம் நீண்டுவிட்டதென்று முறையிடுவதில்லை என்று மந்திரவாதி தன் விருந்தாளியிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். முதலாளிகளின் நெடுநாட் கனவு அது என்பதை நான் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. என் மூன்று கேள்விகளை இந்தச் சாவின்மேல் வைத்துப் பாருங்கள். விழுந்தவனுக்குப் பெயர் இல்லை, பார்த்தவர் இல்லை, அவன் செத்தது கதைக்கே தெரியாது.

2. பயந்தாங்கொள்ளியின் சத்தியம்

அடுத்துவந்த காலத்துக் கறுப்பின நடிகருக்குச் சாவுகூடக் கிடைக்கவில்லை. நடுக்கம் மட்டுமே கிடைத்தது. மோனோகிராம் என்ற சிறு கம்பெனி 1941-இல் எடுத்த ‘கிங் ஆப் தி ஜாம்பீஸ்’ படத்தில் வேலைக்காரனாக வரும் மேன்டன் மோர்லண்டின் உருளும் விழிகளையும் உதறும் முழங்கால்களையும் கண்டு கொட்டகைகள் சிரித்தன. அச்சிரிப்பு இன்று நமக்கு நெருடுகிறது. இருப்பினும் அந்தப் படத்தைப் பொறுமையாகப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். நடைப்பிணங்களை முதலில் பார்க்கிறவன் அந்த வேலைக்காரன்தான். பார்த்ததை உள்ளபடி சொல்கிறவனும் அவனே. நம்ப மறுக்கும் எசமானர்கள்தாம் அறிவிலிகள். தனக்குக் கொடுத்த விதூஷக வேஷத்துக்குள் இருந்துகொண்டே மோர்லண்ட் படம் முழுவதையும் தன் கைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அதற்கு முந்தைய ஆண்டில், ஸ்பென்சர் வில்லியம்ஸ் எழுதிய கதையைக் கறுப்பின நடிகர்களை மட்டுமே கொண்டு படமாக்கிய ‘சன் ஆப் இன்காகி’யும் வந்தது. அதில் விஞ்ஞானியாக வருபவர் ஒரு கறுப்பினப் பெண். படம் தொழில்முறையில் தடுமாறுகிறது என்றாலும், தனி மக்கள், தனிக் கொட்டகை, தனிப் பேய் என்று பிரிந்துகிடந்த ஒரு நாட்டின் தடயமாக அதனைக் குறித்துவைக்க வேண்டும்.

3. வண்டிக்காரன் சொன்ன மறுமொழி

1943-இல் வெளிவந்த ஒரு படத்துக்கு ஆர்.கே.ஓ. கம்பெனியின் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் மேலிடம் தலைப்பை மட்டும் கொடுத்தது: ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி.’ ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்குமேல் செலவு கூடாது, தலைப்பை மாற்றக்கூடாது, மற்றபடி அவர் பாடு. சந்தைக்கூச்சல் போன்ற அத்தலைப்பை வைத்துக்கொண்டு லூட்டனும் டைரக்டர் ழாக் டூர்னரும் எடுத்தது, வியக்கத்தக்க வகையில், அடிமை வியாபாரத்தின் நினைவைப் பற்றிய ஒரு சோக சித்திரம்.

கானடாவிலிருந்து கரீபியத் தீவொன்றுக்கு வரும் வெள்ளைக்கார நர்ஸை ஒரு கறுப்பின முதியவர் குதிரை வண்டியில் அழைத்துச் செல்கிறார். நம் முன்னோரையெல்லாம் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியிட்டுக் கொண்டுவந்தார்கள் என்று அவர் போகிறபோக்கில் சொல்ல, அந்தப் பெண் சுற்றிலும் உள்ள வனப்பைப் பார்த்துவிட்டு, ஆனாலும் அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள் என்கிறாள். நீங்கள் சொன்னால் சரிதான் அம்மா என்று அவர் இரண்டு முறை பணிவாகச் சொல்கிறார். மறுப்பும் இல்லை, உடன்பாடும் இல்லை. பண்ணையாள் மிராசுதாரரிடம் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு அந்தப் பணிவின் உள்ளே இருக்கும் எஃகை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. பண்ணை வீட்டு முற்றத்தில், அம்புகள் தைத்த செபாஸ்தியார் சிலை ஒன்று நிற்கிறது. அடிமைக் கப்பலின் முகப்பிலிருந்து கழற்றி வந்த மரச்சிற்பம் அது. அதன்மேல் நீர் ஓயாமல் வழிந்துகொண்டிருக்கிறது.

இத்தனை இருந்தும் சாவு வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கரும்புக் கொல்லையின் நாற்சந்தியில், இமையாத கண்களோடு நிற்கும் நெட்டையான காவல் உருவத்தை டார்பி ஜோன்ஸ் மறக்கமுடியாதபடி நடித்தார்; ஆனால் அது கடைசிவரை பேசவில்லை. சோகத்தை அனுபவிக்கும் உரிமை பண்ணை வீட்டாருக்கு. சோகத்தை அறிந்திருக்கும் உரிமை மட்டும் பண்ணையாட்களுக்கு.

4. பென்

இனி, இவ்வுரையின் மையத்துக்கு வருகிறேன்.

பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவர் கூட்டாளிகளும், ஆளுக்கு 600 டாலர் வீதம் பத்துப் பேர் போட்ட மூலதனத்தோடு 1967-இல் ஒரு திகிற்படத்தை ஆரம்பித்தார்கள். முடிவில் ஏறத்தாழ 1,14,000 டாலர் ஆயிற்று. இடிப்பதற்கென்று விட்டிருந்த ஒரு பண்ணை வீட்டைப் பிடித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படமாதலால் ரத்தத்துக்கு சாக்லேட் பாகு போதுமானதாயிற்று. முதலீடு செய்தவர்களுள் இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் இருந்தமையால் குடலுக்கும் ஈரலுக்கும் பஞ்சமில்லை. பிணங்களாக நடந்தவர்கள் அக்கம்பக்கத்து ஜனங்கள். 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் வெளியான அப்படமே ‘நைட் ஆப் தி லிவிங் டெட்.’ விண்கலம் ஒன்று கொண்டுவந்த கதிரியக்கமே காரணம் என்று படத்தில் யாரோ ஒருவர் ஊகம் சொல்வதால், இதைப் பேய்ப்படம் எனலாமா என்று தர்க்கிப்பவர்கள் உண்டு. செத்தவன் எழுந்துவந்து கதவைத் தட்டும்போது அதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டா என்று விசாரிப்பவர் அந்த வீட்டுக்குள் இல்லாதவர் என்பதே என் விடை.

கதையின் நாயகன் பென். எழுத்துப் பிரதியில் அவன் முரட்டுப் பேச்சுப் பேசும் லாரி டிரைவர், இனம் குறிக்கப்படவில்லை. நடிகர் தேர்வுக்கு வந்தவர்களுள் சிறந்தவர் என்பதாலேயே டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரை எடுத்துக்கொண்டதாக ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். இவ்விடத்தில் அவரைப் புகழ்ந்து, வர்ணபேதம் பாராத உத்தமர் என்று முடித்துவிடுவது வழக்கம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ரொமேரோ பேதம் பாராமல் இருந்திருக்கலாம். பார்க்காமலிருக்கும் சௌகரியம் அவருக்கு இருந்தது. ஜோன்ஸுக்கு அது இல்லை. இலக்கியம் பயின்றவரும் பிற்காலத்தில் கல்லூரி நாடக அரங்கொன்றை நடத்தியவருமான அவர், பிரதியிலிருந்த கொச்சைப் பேச்சைப் பேச மறுத்துத் தம் வசனங்களைத் தாமே திருத்திக்கொண்டார். நாம் திரையில் காணும் நிதானமும், ஒவ்வொன்றாய்ச் சிந்தித்துப் பலகை தேடி ஆணியடித்துச் சன்னலை மூடும் அந்த ஒழுங்கும், அவ்வளவு பதற்றத்திலும் சிதையாத சொற்களும் எழுத்துப் பிரதி தந்தவையல்ல, ஜோன்ஸ் தந்தவை.

1967-இல் சிட்னி பாய்ட்டியர் என்ற கறுப்பின நடிகர் நடித்துப் பெரிய ஸ்டூடியோக்கள் வெளியிட்ட படங்களில் அவருடைய நிறமே கதைப்பொருளாக இருந்தது. உத்தம குணங்களையெல்லாம் ஒருங்கே காட்டினாலன்றி அவர் வாசற்படி தாண்டமுடியவில்லை. பென்னுக்கு அந்தப் பரீட்சை இல்லை. அவன் பார்பரா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை அறைகிறான்; கோழைத்தனமாகக் கதவடைத்த கூப்பர் என்ற வெள்ளைக்காரனைச் சுடுகிறான்; படத்தில் ஒருவர்கூட அவன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் சொல்வதெல்லாம் சரியாகவும் இல்லை. நிலவறைக்குள் போவதே பாதுகாப்பு என்று கத்தும் கூப்பரோடு அவன் இரவெல்லாம் மல்லுக்கு நிற்கிறான்; இறுதியில் அதே நிலவறைதான் அவன் உயிரைக் காக்கிறது. தவறு செய்யும் உரிமையையும் அந்த மலிவான படம் அவனுக்குக் கொடுத்தது. (பெண்களுக்கு அது அவ்வளவு தாராளம் காட்டவில்லை. பார்பரா முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு சோபாவில் பிரமை பிடித்து உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் பெரிதாகச் செய்வதில்லை.)

பிறகு விடிகிறது. துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்கள் நாய்களோடு வயல்வெளியில் வரிசையாக வருகிறார்கள். பிணங்களைச் சுட்டுக்கொண்டே, காப்பி குடித்துக்கொண்டே வருகிறார்கள். சத்தம் கேட்டுப் பென் நிலவறையிலிருந்து ஏறிவந்து, சன்னலின் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறான். வெளியிலிருப்பவன் குறிபார்க்கிறான். ஒரே குண்டு. இன்னொன்று கொளுத்துவதற்கு ஆயிற்று என்ற தோரணையில் ஷெரீப் பேசுகிறார். இரவு முழுவதும் செத்தவர்களிடமிருந்து தப்பியவனை உயிரோடிருப்பவர்கள் அரை நொடியில் முடித்துவிட்டார்கள். பிணமென்று நினைத்துச் சுட்டார்களா, வேறு எதுவாகவேனும் நினைத்தார்களா என்று படம் சொல்லவில்லை. 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. முடிந்த படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு விற்பனைக்காக நியூயார்க்குக்குப் போகும் வழியில்தான், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரொமேரோ வானொலியில் கேட்டார்.

பென் பிழைத்துக்கொள்வதாக முடிக்கலாம் என்ற யோசனையும் எழுந்ததுண்டு. அதற்கு இணங்காதவர் ஜோன்ஸ். நாட்டில் அத்தனையும் நடந்துகொண்டிருக்கையில் போலியாகக் காப்பாற்றப்படுவதைவிட, அவன் சாவதையே தம் மக்கள் விரும்புவார்கள் என்று ரொமேரோவிடம் வாதாடியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஒன்பது ஆண்டுப் பள்ளிப்படிப்பில் நான் கற்றதைவிட அதிகமாகப் பிரதிநிதித்துவம் என்ற சொல்லின் பொருளை அந்த ஒரு வாதம் எனக்குக் கற்பித்தது. ஆலைக்குள் விழுந்தவனைப் பார்க்க ஆளில்லை. பென் விழுந்ததைக் கொட்டகை முழுவதும் பார்த்தது. அப்படித்தான் விழவேண்டும் என்று விதித்தவர்களுள் விழுந்தவரும் ஒருவர்.

5. தாமே எழுதிய மரணங்கள்

1972-இல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் கம்பெனி ‘பிளாக்யுலா’ என்று ஒரு படம் எடுத்தது. பெயரைக் கேட்டாலே கிண்டல் தொனிக்கும். நாயகனாக வந்த வில்லியம் மார்ஷல், ஒதெல்லோ வேஷத்தில் புகழ்பெற்ற நாடக நடிகர். கிண்டலுக்கு உடன்படாமல் பாத்திரத்தின் பூர்வ கதையை மாற்றச் செய்தார். மாமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசன், அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவிகேட்டு 1780-இல் டிராகுலாவின் மாளிகைக்குத் தூது போகிறான். டிராகுலா அவனை அவமதித்துக் கடித்துச் சபித்துப் பெட்டிக்குள் அடைக்கிறான். ரத்தம் குடிக்கும் சாபத்தையே அடிமைத்தனத்தின் இன்னொரு பெயராக்கிய அந்த ஒரு திருத்தத்தால் படம் நிமிர்ந்து நின்றது. கடைசியில், காதலியை இழந்தபின், அவனை யாரும் ஆப்படித்துக் கொல்வதில்லை. படியேறி வெயிலுக்குள் தானே நடந்து போகிறான். ஆனால் இதே படம், அவனுடைய பெட்டியை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுவரும் ஓரினக் காதலர் இருவரைக் கேலிப்பொருளாக்கி முதல் பலியாகவும் கொடுத்துவிடுகிறது. தன் கௌரவத்தை மீட்டுக்கொண்டவர் அடுத்தவர் கௌரவத்தையும் மீட்பார் என்று எதிர்பார்க்க முடியாதென்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

பிளாக்யுலாவுக்குக் கிடைத்த வசூலைக் கண்டு இன்னொரு கறுப்பு ரத்தக்காட்டேரிப் படம் வேண்டும் என்று பில் கன் என்பவரிடம் 3,50,000 டாலரைக் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்து கொடுத்ததோ ‘கஞ்சா அண்ட் ஹெஸ்’: மதம், செல்வம், போதை, ஆப்பிரிக்க நினைவு எல்லாம் கனவுபோல் குழைந்த ஒரு விசித்திரமான கலைப்படம். ரத்தவெறி பிடித்த மானிடவியல் அறிஞர் ஹெஸ்ஸாக நடித்தவர் நம்முடைய டுவேன் ஜோன்ஸேதான். 1973-இல் கான் நகரத்து விமரிசகர் வாரத்தில் அது திரையிடப்பெற்றது. முதல் போட்டவர்களுக்கு அது விளங்கவில்லை. படத்தை வெட்டிச் சிதைத்து வேறு பெயரில் விற்றுவிட்டார்கள். கண்காணிப்பு இல்லாததால் திறந்த கதவு, கணக்குப் பார்க்கும் நாளில் மூடிக்கொள்ளும். நல்லவேளையாக, நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் மூலப் பிரதி ஒன்று தங்கிற்று. இன்று நாம் பார்ப்பது அதன் புண்ணியத்தால். அதில் ஹெஸ் ஒரு தேவாலயத்தில் மனந்திரும்பி, வீட்டுக்கு வந்து, சிலுவையின் நிழல் தன் மேல் விழும்படி உட்கார்ந்து சாகிறான். பென்னைப் பிறர் சுட்டார்கள். ஹெஸ் தன் நிழலைத் தானே தேர்ந்துகொண்டான். இரண்டு படங்களுக்கு நடுவே ஐந்தே ஆண்டுகள், ஒரே நடிகர்.

2017-க்கு வருகையில் காட்சி மாறிவிடுகிறது. ஜார்டன் பீல் என்ற கறுப்பின டைரக்டர் எடுத்த ‘கெட் அவுட்’ 45 லட்சம் டாலர் செலவில் முடிந்து, 25 கோடி டாலருக்குமேல் வசூலித்து, மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. இரவு, நடுச்சாலை, தரையில் கிடக்கும் வெள்ளைக்காரப் பெண், அவள்மேல் குனிந்திருக்கும் கறுப்பின இளைஞன்; அப்போது போலீஸ் வண்டியின் விளக்கு போன்ற சுழல்வெளிச்சம் ஒன்று அவன் முகத்தில் விழுகிறது. அவன் மெல்லக் கைகளைத் தூக்குகிறான். பென்னின் சன்னலைப் பார்த்தவர் எவரும் அந்தக் கணத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இருக்கமுடியாது. முதலில் அவன் சிறைக்குப் போவதாகவே பீல் படமெடுத்தார். பிறகு அதை மாற்றி, வண்டியிலிருந்து அவனுடைய நண்பனை இறங்கவைத்தார். ஜோன்ஸ் வேண்டாமென்றதைப் பீல் கொடுத்தார், முரண்பாடன்று. முன்னவர் மறுத்தது இரவல் கருணையை. பின்னவர் தம் பேனாவால் தாமே கொடுத்தார்.

நண்பர்களே, நேரமாகிவிட்டது. இவ்வுரைக்குப்பின் ரொமேரோவின் படத்தை இதே மண்டபத்தில் திரையிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விநியோகம் செய்த கம்பெனி கடைசி நேரத்தில் படத்தின் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பைப் புதிய தலைப்பின்மேல் போட மறந்துவிட்டது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி விடுபட்டதால் படம் பொதுச்சொத்தாயிற்று. ஆகையால் நாம் யாருக்கும் ஒரு காசும் கட்டவேண்டியதில்லை. உங்களிடம் ஒரு விண்ணப்பம். பென் விழுந்தவுடன் பெயர்கள் ஓடத்தொடங்கும். பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று அப்போது எழுந்துவிடாதீர்கள். அந்தப் பெயர்களுக்கு அடியில், பழைய செய்தித்தாட்படம் போலப் புள்ளி விழுந்த நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறைச்சி தொங்கவிடும் கொக்கிகளைக் கையிலேந்திய ஆட்கள், பென்னின் முகம், விறகின்மேல் அவன் உடல். அவை அசைவதில்லை, உற்றுப் பார்க்க அவகாசம் இருக்கும். விளக்கை அணைக்கச் சொல்கிறேன்.